பாவித்த கார்: நியாயமான விலையைக் கணக்கிடுவது எப்படி?

பாவிக்கப் பாவிக்க ஒரு பொருளின் விலை இறங்க வேண்டும். இலங்கையில் கார்களைப் பொறுத்தவரை இந்தப் பொது விதி பல வருடங்களாகத் தலைகீழாகவே இருந்தது. பத்து வருடங்களுக்கு முன்னர் வாங்கிய காரை ஆறேழு வருடம் ஓட்டிவிட்டு, வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அதனால் "இந்தக் காருக்கு இவ்வளவு கொடுக்கலாமா?" என்று யாராவது கேட்டால், அனுபவமுள்ளவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். பழைய விலைகள் நினைவில் இருக்கின்றன. ஆனால் அவை இன்றைக்கு உதவுவதில்லை.

புசல்லாவை போன்ற ஓர் ஊரில் இந்தத் தடுமாற்றம் குடும்பத்தின் பல வருடச் சேமிப்பைத் தின்றுவிடும். இங்கே பலர் கார் வாங்குவது ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில், அல்லது மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளோ மகனோ அனுப்பிய காசில், அல்லது நகையை அடகு வைத்து. இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் கம்பளைக்கோ பேராதனைக்கோ கொண்டுபோக வாகனம் வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடசாலை, மேலதிக வகுப்பு. ஹயர் ஓடினால் கொஞ்சம் வருமானம். இவ்வளவு நம்பிக்கையையும் சேர்த்து வாங்கப்படும் ஒரு காரில் ஒரு இலட்சம் ரூபா கூடுதலாகக் கொடுத்தால் அது எவ்வளவு பெரிய இழப்பு? 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்கிட்டால், 74 நாட்கள் கொழுந்து பறித்த கூலி அது.

இந்தக் கட்டுரைக்காகக் கடந்த சில வாரங்களாக புசல்லாவை, கம்பளை, கண்டிப் பக்கத்தில் கராஜ்களிலும் கார் சேல்களிலும் வாகனம் வாங்கியவர்களிடமும் விற்றவர்களிடமும் பேசினேன். அவர்களிடமிருந்து கற்றதையும், சட்டமும் திணைக்களமும் சொல்வதையும் சேர்த்து ஒரு வரிசையில் தருகிறேன். காரை மனதில் வைத்து எழுதினாலும், வேனுக்கும் ஓட்டோவுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

விலை ஏன் இப்படி ஆனது?

2020 மார்ச்சில், கொவிட் தொற்றின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணியைக் காப்பாற்றுவதற்காக அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. புதிய வாகனங்கள் வராததால் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. விபத்தில் அழிபவை போக எண்ணிக்கை கூட வழியில்லை. ஆனால் வாங்க நினைப்பவர்கள் குறையவில்லை.

2022 இல் நெருக்கடி முற்றியது. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. வங்கியில் கிடந்த பணத்தின் பெறுமதி கண்முன்னே கரைந்தபோது, காசு உள்ளவர்கள் தங்கம் வாங்குவதுபோல் கார் வாங்கி நிறுத்தினார்கள். அதே வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. லீசிங் எட்டாக்கனியானது. எரிபொருள் வரிசையும் வந்தது. விலைகள் சில மாதங்கள் தளர்ந்து பின்னர் மறுபடி ஏறின.

2025 பெப்ரவரி 1 முதல் தனியார் பாவனைக்கான வாகனங்களையும் இறக்குமதி செய்ய அனுமதி வந்தது. பாவித்த கார்களின் விலை ஒரேயடியாக விழும் என்று பலர் காத்திருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. இறக்குமதித் தீர்வை 20 சதவீதம், அதன்மேல் 50 சதவீத மேலதிக வரி, இஞ்சின் கொள்ளளவைப் பொறுத்த உற்பத்தி வரி, விலை கூடிய வாகனங்களுக்கு ஆடம்பர வரி, இவை எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத பெறுமதி சேர் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. ரூபாவும் 2020 இல் இருந்த இடத்துக்குத் திரும்பவில்லை. வந்திறங்கிய கார்களின் விலையைப் பார்த்த பலர் மீண்டும் பாவித்த கார்ச் சந்தைக்கே திரும்பினார்கள்.

இதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். விற்பவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது இன்றைய பேச்சில் பொருளற்றது. அவர் 2017 இல் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால் உங்களுக்கு மலிவாகத் தர வேண்டியதில்லை. 2023 இல் உச்ச விலைக்கு வாங்கியிருந்தால் அவருடைய நட்டத்தை நீங்கள் ஏற்கவும் வேண்டியதில்லை.

முதல் படி: மேல் எல்லையைக் குறியுங்கள்

நீங்கள் பார்க்கும் காருக்குச் சமமான வேலையைச் செய்யும் ஒரு புதிய அல்லது ரிகண்டிஷன் கார் இன்று என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். அதே மாடலாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து பேர் போக, மலை ஏற, எரிபொருள் குறைவாகக் குடிக்க ஒரு சிறிய கார் என்றால், அந்த வகுப்பில் இன்று பதிவுசெய்து வீதியில் விட எவ்வளவு ஆகும் என்பதே கேள்வி. அதுதான் கூரை.

பத்து வருடம் ஓடிய கார் அந்தக் கூரைக்கு மிக அருகில் நின்றால், ஏதோ ஒன்று பொருந்தவில்லை. புதிய வண்டிக்கு உத்தரவாதம் இருக்கிறது, பற்றரியும் டயரும் புதியவை, அடுத்த சில வருடங்களுக்குப் பெரிய செலவில்லை. பழைய வண்டியில் இவை எதுவும் இல்லை. வித்தியாசம் இவற்றுக்கெல்லாம் ஈடாக இருக்க வேண்டும். புதிய வாகனத்தின் வரி மாறும்போது பழைய வாகனத்தின் விலையும் மாறுவதால், வரவுசெலவுத் திட்டக் காலத்தில் அவசரப்பட்டு முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று ஒரு கார் சேல்காரரே என்னிடம் சொன்னார்.

இரண்டாம் படி: விளம்பரங்களை எண்ணுங்கள்

இலங்கையில் பாவித்த வாகனங்களுக்கென அதிகாரபூர்வமான விலைப் பட்டியல் கிடையாது. ரியசெவன, இக்மன் போன்ற இணையத்தளங்களின் விளம்பரங்களே பலருக்கும் பட்டியல். அவற்றைப் பாவிக்க ஒரு முறை இருக்கிறது.

ஒரே மாடல், ஒரே உற்பத்தி ஆண்டு, ஒரே கிரேட் என்று குறைந்தது 12 விளம்பரங்களைக் கொப்பியில் எழுதுங்கள். விலை, மீற்றர், எத்தனையாவது உரிமையாளர், ஊர், விளம்பரம் போட்ட திகதி ஆகியவற்றைக் குறியுங்கள். மிகக் குறைந்த இரண்டையும் மிகக் கூடிய இரண்டையும் வெட்டிவிடுங்கள். குறைந்த விலை பெரும்பாலும் தூண்டில், அல்லது லீசிங் மிகுதியைச் சொல்லாமல் போட்ட முற்பணம். கூடிய விலை விற்கும் அவசரமில்லாதவருடைய ஆசை. மிஞ்சிய எட்டின் நடுவிலுள்ள விலையே உங்கள் தொடக்கப் புள்ளி.

அது கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல என்பதை மறக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே பட்டியலைத் திரும்பப் பாருங்கள். எவை மறைந்தன, எவை விலை குறைந்தன, எவை இன்னும் அப்படியே கிடக்கின்றன? சீக்கிரம் மறைந்தவற்றின் விலைதான் சந்தை உண்மையில் கொடுக்கும் விலைக்கு அருகில் இருக்கும். மாதக் கணக்கில் கிடப்பவை சந்தை மறுத்த விலைகள். இந்தப் பொறுமைக்குச் செலவு கிடையாது. ஆனால் பேரம் பேசும்போது அதைவிடப் பெரிய பலம் வேறில்லை.

விளம்பர வசனங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். "லேடி டொக்டர் பாவித்தது", "வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை", "ஒரு ரூபா செலவில்லை" எல்லாம் எழுதச் சுலபமானவை. சேவிஸ் பதிவு, பழைய பில், பதிவுச் சான்றிதழ் காட்டுபவற்றுக்கு மட்டும் பெறுமதி கொடுங்கள்.

மூன்றாம் படி: விற்பவருக்குத் தெரிந்ததை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970 இல் பாவித்த கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கோளாறுள்ள காரை அங்கே பேச்சுவழக்கில் "எலுமிச்சை" என்பார்கள். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் சந்தேக விலையையே கொடுப்பார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையைவிட்டு விலகுவார். கடைசியில் எலுமிச்சைகளே மிஞ்சும். இந்த ஆய்வுகளுக்காக அவருக்கு 2001 இல் வேறு இருவருடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு இதிலுள்ள செய்தி எளிமையானது: விற்பவருக்குத் தெரிந்ததில் எவ்வளவை நீங்கள் கண்டுபிடிக்கிறீர்களோ, அவ்வளவுக்கு விலை நியாயமாகும்.

ஆண்டு: இலக்கத் தகட்டிலுள்ள எழுத்து வரிசை வாகனம் இங்கே பதிவான காலத்தைத்தான் காட்டும். ரிகண்டிஷனாக வந்த காரின் உற்பத்தி ஆண்டு அதற்கு முந்தியது. பதிவுச் சான்றிதழில் (நாம் சி.ஆர். என்று சொல்வது) உற்பத்தி ஆண்டு, முதற்பதிவுத் திகதி, பதிவின்போது புதியதா ரிகண்டிஷனா என்பது, முன்னைய உரிமையாளர்கள் என எல்லாம் இருக்கும். விலையை உற்பத்தி ஆண்டை வைத்துப் பேசுங்கள்.

மீற்றர்: புசல்லாவையிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். வருடத்துக்கு 250 நாட்கள் வேலைக்குப் போய்வந்தாலே 20,000 கிலோமீற்றர் ஆகிவிடும். இங்கே அப்படிப் பத்து வருடம் ஓடிய கார் 60,000 காட்டினால் கேள்வி கேளுங்கள். ஸ்டியரிங் தோல் மினுமினுப்பது, பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பது, சாரதி ஆசனத்தின் ஓரம் அமுங்கியிருப்பது ஆகியவை மீற்றரைவிட உண்மை பேசும். கதவு ஓரத்திலோ பொனட்டுக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும் ஒயில் மாற்றிய ஸ்டிக்கரையும் பாருங்கள். ரிகண்டிஷன் கார் என்றால் ஜப்பான் ஏல அறிக்கை கேட்கலாம். அதில் செசி இலக்கம், அன்றைய மீற்றர், தர மதிப்பீடு இருக்கும். 'ஆர்' என்ற தரம் விபத்துக்குப் பின் திருத்தப்பட்டதைக் குறிக்கும். அறிக்கையின் செசி இலக்கம் வண்டியில் உள்ளதுடன் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

விபத்து: பகல் வெளிச்சத்தில், காய்ந்த வண்டியைப் பாருங்கள். மழையில் நனைந்த பெயின்ட் எல்லாக் குறையையும் மறைக்கும். பொனட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவா? பொனட் ஆணிகளில் ஸ்பனர் பட்ட தழும்பு இருக்கிறதா? ரப்பர் ஓரத்தில் பெயின்ட் சிந்தியிருக்கிறதா? ஒரு கீறலுக்குப் பெயின்ட் அடித்தது பெரிய குற்றமில்லை. முன்பக்கச் சட்டம் அல்லது தூண் வளைந்து திருத்தியிருந்தால், அது விலை குறைப்புக்குரிய விடயமே அல்ல. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

வெள்ளம்: 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மகாவலி பெருகி கம்பளை நகருக்குள் புகுந்தது. அன்று நீரில் நின்ற வாகனங்களில் சில கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வரும் என்பதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். நாட்டின் வேறு பகுதிகளிலிருந்து வரும் வாகனங்களுக்கும் இது பொருந்தும். ஆசனப் பட்டியைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். காலடி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மேலதிக டயர் வைக்கும் குழி, ஆசனத்தின் கீழுள்ள ஆணிகள், வயர் இணைப்புகள் ஆகியவற்றில் துரு அல்லது மண் இருக்கிறதா? கடுமையான வாசனைத் திரவியம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஹைபிரிட்: அக்வாவில் ஹைபிரிட் பற்றரி பின் ஆசனத்தின் கீழ் இருக்கிறது. ஜப்பான் வெகன் ஆர் ஹைபிரிட்டில் முன் ஆசனத்தின் கீழ். இரண்டுமே வெள்ள நீர் முதலில் எட்டும் இடங்கள். வெள்ளம் படாவிட்டாலும் பற்றரிக்கு ஆயுள் உண்டு. ஸ்கேனர் போட்டுச் சோதித்த அறிக்கை இல்லாமல் ஹைபிரிட் காருக்கு விலை சொல்லாதீர்கள். பற்றரி மாற்ற ஆகும் செலவை அன்றே ஓரிரு இடங்களில் விசாரித்து வையுங்கள்.

மலை: நமக்கு இருக்கும் பெரிய வசதி நம் வீதிதான். கொழும்பில் சமதரையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து வாங்கிய கார், கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறும்போது குணத்தைக் காட்டும். முடிந்தால் வண்டியை ஏ5 வீதியில் நான்கு பேருடன், ஏசி போட்டு ஏற்றிப் பாருங்கள். காலையில் விற்பவர் இஞ்சினைச் சூடாக்கும் முன்னரே போங்கள். குளிர்ந்த இஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தமும் புகையும் முக்கியம். மூன்றாம் கியரில் ஏறும்போது இஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளச் முடிகிறது. ஒட்டோ கியர் என்றால் நடுக்கமும் தாமதமும் பாருங்கள். இறங்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டியரிங் உதறுகிறதா? சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் தாங்குகிறதா? பல சிறிய கார்களில் வெப்பநிலை முள் கிடையாது, விளக்கு மட்டும்தான். ஆகவே இஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்பதையும் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டப் பாதையில் ஓடிய வண்டியைக் குழியில் அல்லது ஹொயிஸ்ட்டில் ஏற்றி அடியைப் பார்க்க வேண்டும். கல் தட்டிய சைலன்சர், ஒயில் கசிவு, கிழிந்த ரப்பர் புஷ், தளர்ந்த போல் ஜொயின்ட் எல்லாம் அங்கேதான் தெரியும். பார்ப்பவர் உங்களுடைய பாஸாக இருக்க வேண்டும். விற்பவர் அழைத்துப் போகும் கராஜ் வேண்டாம். பாஸுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபா, இந்த முழு வேலையிலும் அதிக பலன் தரும் செலவு.

நான்காம் படி: கழித்தல் கணக்கு

கீழுள்ள எண்கள் முறையை விளக்குவதற்காக மட்டுமே. சந்தை விலையாக எடுக்க வேண்டாம்.

12 விளம்பரங்களில் நடுவிலுள்ள விலை 28 இலட்சம் என்று வைப்போம். சில வாரம் கவனித்ததில், விலை பேசி முடியும்போது ஏறக்குறைய ஒரு இலட்சம் குறைகிறது என்று தெரிகிறது. ஆகவே சராசரி நிலையிலுள்ள அந்தக் காரின் பெறுமதி 27 இலட்சம்.

நீங்கள் பார்த்த வண்டிக்கு நான்கு டயர் மாற்ற வேண்டும்: 1 இலட்சம். கிளச்: 75,000. முன்பக்க ஷொக் அப்சோபரும் புஷ்களும்: 60,000. பிரேக் வேலை: 25,000. மொத்தம் 2 இலட்சத்து 60 ஆயிரம். மிச்சம் 24 இலட்சத்து 40 ஆயிரம்.

இங்கே வாங்குபவரும் நியாயமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சராசரி பாவித்த கார் என்றாலே அதன் டயர் பாதி தேய்ந்துதான் இருக்கும். அது 27 இலட்சத்துக்குள் ஏற்கெனவே அடக்கம். டயர் முற்றாகத் தேய்ந்திருந்தால் புதிய டயரின் முழு விலையையும் கழிப்பது கூடுதல், பாதியைக் கழிப்பதே சரி. அப்படிப் பார்த்தால் இந்த உதாரணத்தில் டயருக்கு 50,000 மட்டும் கழித்து, 24 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு வருகிறோம். பிரேக்குக்கும் கிளச்சுக்கும் இதே நியாயம்தான். பில்களுடன் ஒழுங்காகச் சேவிஸ் செய்த வண்டி, சந்தையின் சராசரியைவிட நல்ல நிலையில் இருந்தால் கொஞ்சம் கூட்டவும் வேண்டும்.

இப்படி வந்த தொகையைக் கொப்பியில் எழுதி வட்டமிடுங்கள். விற்பவரின் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது இந்தத் தொகையை முடிவு செய்யக் கூடாது. போகும் முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பேப்பருக்கும் விலை உண்டு

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவிலக்கத்தைக் கொடுத்து வாகனத்தின் அடிப்படை விவரங்களைப் பார்க்கலாம். முழு உரிமையாளராக ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ பதிவாகியிருந்தால், லீசிங் இன்னும் முடியவில்லை அல்லது முடிந்தும் பெயர் நீக்கப்படவில்லை. "கட்டி முடிச்சாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் கையில் வேண்டும். செசி இலக்கத்தையும் இஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் நேரில் பார்த்து சி.ஆருடன் ஒப்பிடுங்கள். இஞ்சின் மாற்றியிருந்தால் அது சி.ஆரில் ஏறியிருக்க வேண்டும்.

வருமான அனுமதிப்பத்திரம் நடப்பில் இருக்கிறதா? அதை எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் தேவை. பல வருடம் புதுப்பிக்காத வண்டி என்றால் நிலுவையும் தண்டமும் சேர்ந்திருக்கும். அதையும் விலையில் கழிக்க வேண்டும்.

நம் பகுதியில் பரவலாகக் காணப்படும் ஆபத்து "ஓபன் பேப்பர்". பதிவு உரிமையாளர் எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 படிவங்களில் திகதி போடாமல் கையெழுத்து வைத்துக் கொடுக்க, வண்டி மூன்று நான்கு கை மாறிவிடுகிறது. மாற்றக் கட்டணம் மிச்சம் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். ஆனால் கைமாற்றத்தை 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு உரிமையாளர் இறந்துவிட்டால், அல்லது அவருக்கும் இடைத் தரகருக்கும் தகராறு வந்தால், கடைசியில் காசு கொடுத்தவர் அலைய வேண்டும். விற்றவருக்கும் ஆபத்துதான். அந்த வண்டி விபத்தில் சிக்கினால் பொலிஸ் முதலில் தேடுவது பதிவிலுள்ள பெயரை. பதிவு உரிமையாளரை நேரில் சந்திக்க முடியாத, அடையாள அட்டையுடன் சி.ஆரை ஒப்பிட முடியாத வாகனத்துக்கு எந்த விலையும் நியாயமான விலை ஆகாது.

ஆறாம் படி: லீசிங்கில் வாங்கினால் உண்மையான விலை என்ன?

லீசிங் நிறுவனம் தன் மதிப்பீட்டாளரை அனுப்பி வெலுவேஷன் எடுக்கும். அந்த அறிக்கையில் உள்ள தொகையே காரின் நியாய விலை என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்த மதிப்பீடு நிறுவனம் எவ்வளவு கடன் தரலாம் என்பதற்காகச் செய்யப்படுவது. பெறுமதியில் எத்தனை சதவீதம் வரை கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி வாகன வகைக்கேற்ப உச்ச எல்லை வைத்திருக்கிறது. கையில் முற்பணம் குறைவாக இருப்பவருக்குக் கூடுதல் கடன் எடுத்துக் கொடுக்க, மதிப்பீட்டைக் கொஞ்சம் உயர்த்திப் போடும் ஆசை தரகருக்கும் விற்பவருக்கும் வரும். உயர்ந்த மதிப்பீட்டைப் பார்த்து மகிழ்பவர் அந்த உயர்வுக்கும் சேர்த்தே வட்டி கட்டுகிறார்.

வட்டியையும் ஒரு உதாரணத்தில் பார்ப்போம். 10 இலட்சம் ரூபா, 4 வருடம், 16 சதவீதம். மிகுதிக் கடனுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் மாதத் தவணை சுமார் 28,340 ரூபா. மொத்தம் ஏறக்குறைய 13 இலட்சத்து 60 ஆயிரம். இதே 16 சதவீதத்தைத் தொடக்கக் கடன் முழுவதற்கும் நான்கு வருடமும் கணக்கிட்டால் தவணை சுமார் 34,170 ரூபா, மொத்தம் 16 இலட்சத்து 40 ஆயிரம். சதவீதம் ஒன்றுதான், வித்தியாசம் 2 இலட்சத்து 80 ஆயிரம். ஆகவே சதவீதத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், மாதத் தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கி, முற்பணத்தையும் கட்டணங்களையும் காப்புறுதியையும் கூட்டுங்கள். அந்தத் தொகைதான் காருக்கு நீங்கள் கொடுக்கும் விலை.

ஒப்பந்தம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசித்து விளங்கக்கூடிய ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். தமிழில் விளக்கம் கேளுங்கள். தவணை தவறினால் என்ன தண்டம், எப்போது வாகனத்தை எடுத்துச் செல்வார்கள், முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். நிதிக் குத்தகை நிறுவனங்கள் 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியில் பதிவுசெய்திருக்க வேண்டும். முறைப்பாடு இருந்தால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

பேரம் பேசும் நாளில்

குறையைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல் செலவாகச் சொல்லுங்கள். "உங்க வண்டி சரியில்ல" என்றால் விற்பவர் முகம் மாறும். "கிளச் மாத்த 75,000 கேக்கிறாங்க அண்ணே, இந்தா விலை எழுதித் தந்திருக்காங்க" என்றால் கணக்கு பேசத் தொடங்குவார். தரகர் இருந்தால், அவருடைய கூலியை யார் கொடுப்பது என்பதை முதலிலேயே தெளிவாக்குங்கள். முற்பணம் கொடுத்தால் வாகன இலக்கம், பேசிய மொத்த விலை, பேப்பரில் குறை இருந்தால் பணம் திரும்பும் என்ற நிபந்தனை எல்லாவற்றையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

வட்டமிட்ட தொகைக்கு மேல் விற்பவர் இறங்கி வராவிட்டால் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். நான் பேசியவர்களில் நல்ல விலைக்கு வாங்கியவர்கள் பலர் முதல் நாளே வாங்கியவர்கள் அல்லர். இரண்டு மூன்று வாரத்தில் விற்பவரே அழைத்ததாகச் சொன்னார்கள். அழைப்பு வராவிட்டாலும் நட்டமில்லை. இறக்குமதி நின்ற வருடங்களில் "இன்று விட்டால் நாளை இன்னும் ஏறும்" என்ற பயம் நியாயமானதாக இருந்தது. கப்பலில் வாகனங்கள் வந்துகொண்டிருக்கும் இன்று அந்தப் பயத்துக்குக் காரணம் குறைவு.

வாங்கிவிட்டால், பழைய உரிமையாளருடன் படிவங்களை நிரப்பி, திகதி போட்டு, 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காப்புறுதியையும் அன்றே உங்கள் பெயருக்கு எடுங்கள். வாங்கும் விலையில் ஒரு பகுதியை, குறைந்தது முதல் ஆறு மாதத் திருத்தச் செலவுக்காவது, தனியே ஒதுக்கி வையுங்கள். பழைய வண்டி எவ்வளவு பார்த்து வாங்கினாலும், முதல் மழைக்காலத்தில் ஏதாவது ஒரு வேலை வைக்கும்.